ஆறு போத்தல் ஸ்டவுட், 1,260 வெள்ளி: இணையத்தில் பீர் வாங்குவோர் கவனத்திற்கு

சனிக்கிழமை இரவு நடந்ததை ஆறாத கோபத்தோடுதான் எழுதுகிறேன். 1,260 வெள்ளி போய்விட்டது. அதில் 210 வெள்ளி மட்டுமே என்னுடையது. மீதி, என் பேச்சை நம்பி ஐந்து நண்பர்கள் கொடுத்த பணம். அவர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டில் மாதம் ஒருமுறை நாங்கள் ஆறு பேர் கூடுகிறோம். போதைக்காகக் கூடும் கூட்டம் அல்ல அது. பீர் நடுவர்கள் பயன்படுத்தும் 50 புள்ளித் தாளை எடுத்து, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தமாக 10 என்று அவரவர் தனியே எழுதி முடித்த பிறகுதான் பேசத் தொடங்குவோம். இந்த மாதம் இம்பீரியல் ஸ்டவுட் என்று முடிவு செய்திருந்தோம். நம்மில் பலருக்குக் கறுப்பு பீர் என்றால் கின்னஸ்தான் தெரியும். இது அதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ரஷ்ய அரசவைக்கு அனுப்புவதற்காகக் காய்ச்சப்பட்ட வகை. 8 முதல் 12 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கும். அதனால்தான் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இரண்டு போத்தலை உடனே சுவைத்துவிட்டு, மற்ற நான்கையும் ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து மாற்றத்தைக் குறித்துவைக்க எண்ணியிருந்தோம். ஆகவே போத்தலில் அடைத்த தேதியும் சேமித்து வைத்த வெப்பநிலையும் எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்.

இறக்குமதி பீர் விற்கும் ஓர் இணையக் கடையின் விளம்பரத்தை, பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் பார்த்தேன். பூர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய அமெரிக்க ஸ்டவுட், போத்தல் 210 வெள்ளி. நம் நாட்டின் மதுவரியை நினைத்தால் அது நம்ப முடியாத விலை இல்லை. கேள்விகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியதும் அந்தக் கடைப் பையனே என்னை அழைத்தான். நல்ல தமிழில், "அண்ணே, இதை ஐஸ் மாதிரிக் குளிர வச்சுக் குடிச்சா ஒண்ணுமே தெரியாது, பன்னிரண்டு டிகிரியில வச்சு மெதுவா குடிக்கணும்" என்றான். நான் பத்து ஆண்டுகளாக நண்பர்களிடம் சொல்லிவரும் அதே வார்த்தைகள். எந்தக் கிண்ணத்தில் ஊற்றுவீர்கள் என்று கேட்டான், சிரித்தான், போன ஆண்டு அடைத்த சரக்கு என்றான், குளிர்பெட்டியில் வரிசையாக நிற்கும் போத்தல்களின் படத்தையும் அனுப்பினான். அந்த இடத்தில் நான் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். "கடைக் கணக்கு இன்னும் தயாராகல, என் கணக்குல போட்டுடுங்க" என்று அவன் சொன்னபோது, "சரி தம்பி" என்று அன்றிரவே 1,260 வெள்ளியை அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கொளுத்தும் வெயிலில், மோட்டார் சைக்கிளில் பெட்டி வந்தது. உள்ளே ஐஸ் இல்லை. போத்தலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்தில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் அப்போது எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை.

சனிக்கிழமை முதல் போத்தலைத் திறந்தேன். மூடியின் உட்புறம் வட்டமாகத் துரு. நுரை நிற்காமல் ஏறி, கழுத்தைத் தாண்டி மேசை விரிப்பெல்லாம் வழிந்தது. ஊற்றியதும் அந்த நுரை நொடியில் அடங்கிவிட்டது. கிண்ணத்தின் அடியில் பழுப்புத் துகள்கள் மிதந்தன. வறுத்த பார்லி தரும் காப்பி மணமும் கறுப்புச் சாக்லேட் மணமும் எழ வேண்டிய இடத்தில் கிச்சாப் (சோயா சாறு) வாடை, அதன் பின்னால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. வாயில் வைத்தால் புளித்த தயிர்போல் தாடை கூசியது. பீப்பாய் தரும் வெனிலாவும் மரமணமும் எங்கே போயின என்றே தெரியவில்லை. பழைய ஸ்டவுட்டில் இலேசான கிச்சாப் மணம் வருவதுண்டு, அதை நான் குறையாக எழுத மாட்டேன். ஆனால் அட்டை வாடை காற்றும் வெப்பமும் சேர்ந்து கெடுத்ததன் அடையாளம். அந்தப் புளிப்பும் நுரை பொங்கியதும் நுண்ணுயிர் புகுந்துவிட்டதன் அடையாளம். ஒரு போத்தலின் கோளாறாக இருக்கலாம் என்று இரண்டாவதையும் திறந்தோம். அதுவும் அப்படியே. ஒரு நண்பர் வெந்நீரில் துணியை நனைத்து விலைச்சீட்டை உரித்தார்: ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. ஆறு தாள்களிலும் 13க்கு மேல் யாரும் போடவில்லை. அந்தத் தாளில் 13 வரை "சிக்கலானது" என்ற கடைசிப் படி.

ஞாயிறு காலை அந்தப் பையனை அழைத்தேன். பீப்பாயில் ஊறியது புளிக்கத்தான் செய்யும் என்றான். பிறகு, நீங்கள் வீட்டில் வெயிலில் வைத்திருப்பீர்கள் என்றான். சீட்டை உரித்ததும் தெரிந்த தேதியின் படத்தை அனுப்பினேன். திறந்த போத்தலுக்குப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. திறக்காத நான்கையும் எடுத்துக்கொள் என்றேன்; முதலாளி பினாங்கு போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றான். மாலையில் என் எண்ணையே முடக்கிவிட்டான். செயலி நிறுவனமோ, பணம் தங்கள் வழியாகச் செல்லாததால் தலையிட முடியாது என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. 2015இல் அடைத்த பீப்பாய் ஸ்டவுட் சிலவற்றில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் புகுந்துவிட்டது என்று தெரிந்ததும், அமெரிக்காவின் கூஸ் ஐலண்ட் ஆலை வெளியே சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இங்கே 1,260 வெள்ளி வாங்கியவன் என் அழைப்பைக்கூட எடுக்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. தேதி தெளிவாகத் தெரியும்படி போத்தல் கழுத்தின் படத்தைக் கேளுங்கள். தனிநபர் கணக்கில் பணம் போடாதீர்கள்; எந்தக் கணக்கானாலும், போடுமுன் அந்த எண்ணை, மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள், என்னைப்போல் ஒரு நாள் முழுவதும் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிய 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண், ஒரு வங்கிக் கணக்கு எண், அலமாரியில் நான்கு போத்தல்கள். நாளைக் காலை அவற்றோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன்.