ஜிம் மாறலாமா, இருக்கிற இடத்திலேயே தொடரலாமா?

அக்கா பையனுக்குப் பதினைந்து வயது. பாக்ஸிங் ஜிம்மில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் என்னிடம் வந்து, "மாமா, வேற ஜிம்முக்கு மாறலாம்னு இருக்கேன், அங்க பசங்க எல்லாம் போட்டிக்குப் போறாங்க, நான் இங்க பஞ்சிங் பேக்கை மட்டும்தான் குத்திட்டு இருக்கேன்" என்றான். நானும் அந்த வயதில் அமெச்சூராக மேட்ச் ஆடியவன், நடுவில் ஒருமுறை ஜிம் மாறி அவதிப்பட்டவன். அதனால் சட்டென்று சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனோடு இரண்டு இடத்துக்கும் போய் முழு வகுப்பும் உட்கார்ந்து பார்த்தேன். இதே குழப்பத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பழைய ஜிம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இடம் பெரியது, வெளிச்சம் நன்றாக இருக்கும், வரிசையாகப் பைகள் தொங்கும். ஒரு வகுப்பில் இருபத்தைந்து பேர், ஒரே மாஸ்டர். ஸ்கிப்பிங், எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்துகிற ஷேடோ, பேக், வயிற்றுக்கான பயிற்சி, முடிந்தது. புது ஜிம்முக்கு பஸ்ஸில் போகவேண்டும். ஒரே ஒரு ரிங், ஓரத்தில் நாலு பைகள், ஒன்பது பிள்ளைகள், இரண்டு மாஸ்டர்கள். சுவர் நிறைய மெடல் வாங்கியவர்களின் படங்கள். அவனை இழுத்தது அந்தப் படங்கள்தான், அவனே ஒத்துக்கொண்டான். நான் அந்தப் படங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. மெடல் வாங்கியவன் எத்தனையாவது வருடத்தில் அங்கே வந்தான், வேறு எங்கேயாவது கற்றுக்கொண்டு வந்தவனா என்பதைப் படம் சொல்லாது. நேற்று சேர்ந்த பையனை அந்த ஜிம் எப்படி நடத்துகிறது என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

முதலில் கவனிப்பு. பழைய ஜிம்மில் ஒரு மணி நேரத்தில் மாஸ்டர் அவனிடம் இரண்டு முறை பேசினார். ஒருமுறை "வேகமா", இன்னொருமுறை "கையைத் தூக்கு". அவ்வளவுதான். அவன் ஜாப், அதாவது முன்கையால் விடுகிற நேர்க்குத்து, போட்டுவிட்டு இடது கையை நேராக முகத்துக்குக் கொண்டுவராமல் இடுப்புப் பக்கம் இறக்கி, அங்கிருந்து மேலே தூக்குகிறான். ஐந்து மாதமாக நாள் ஒன்றுக்கு நூறு இருநூறு முறை அதைச் செய்தால் உடம்பு அதையே சரி என்று பழகிவிடும், அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். பை திருப்பி அடிக்காது என்பதால் அவனுக்கும் தெரியவில்லை.

புது ஜிம்மில் சும்மா பார்க்கப் போன அன்றே மாஸ்டர் அவனை இரண்டு நிமிடம் ஷேடோ போடச் சொன்னார். பிறகு ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து அவன் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து, இதை விழாமல் வைத்துக்கொண்டு ஒன்று-இரண்டு, அதாவது இடது கை ஜாப், உடனே வலது கைக் குத்து, போடு என்றார். வலது கை போகும் ஒவ்வொரு தடவையும் பந்து விழுந்தது. அவன் குனிந்து எடுப்பான், வைப்பான், குத்துவான், மறுபடி விழும். பவர் வேண்டும் என்று தாடையைத் தூக்கிக்கொண்டு குத்துகிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. மாஸ்டர் திட்டவே இல்லை, "பந்து சொல்லும், நான் சொல்ல வேண்டாம்" என்றார். நான் அவனை இத்தனை நாள் பார்த்தும் கையைத்தான் கவனித்திருந்தேன், தாடையைக் கவனிக்கவில்லை.

அதற்காகப் பழைய ஜிம் கற்றுக்கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கிளவுஸுக்குள் கையில் சுற்றுகிற நாலரை மீட்டர் பேண்டேஜை விரல் இடுக்குகளில் கொடுத்து, மணிக்கட்டில் இறுக்கி, விரல் கணுக்களுக்கு மேல் மெத்தென்று வரும்படி சுற்றுவதற்கு எத்தனையோ பேருக்கு வருடக்கணக்கில் வராது, இவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான். மூச்சும் காலும் நன்றாக இருக்கிறது. சேர்ந்த புதிதில் மணிக்கட்டு பிசகியபோது அந்த மாஸ்டர்தான் இரண்டு வாரம் வலது கையைத் தொடவிடாமல் ஜாப் மட்டும் போடவைத்தார். அந்த ஒழுங்கு இல்லாமல் நேராகப் புது ஜிம்முக்குப் போயிருந்தால் முதல் மாதமே ஓடிவந்திருப்பான் என்பது என் எண்ணம்.

அடுத்தது ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று பயிற்சிக்காக ஆடுகிற சண்டை, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். என் கதையைச் சொல்கிறேன். நான் மாறிப்போன ஜிம்மில் இரண்டாவது வாரமே, மூன்று வருடம் மேட்ச் ஆடிய ஒருவரோடு என்னை ரிங்குக்குள் விட்டார்கள். மூன்று நாள் தலைவலி. வெளியே சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை, நாலாவது நாள் மறுபடி ஸ்பாரிங் போனேன். இன்றைக்கு யோசித்தால் பயமாக இருக்கிறது. அடி வாங்கி வாங்கிக் குத்துச்சண்டை வீரர்களின் மூளை பழுதாகிறது என்று ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது 1928இல். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. தலையில் அடி பட்டு வலி, மயக்கம், கண் மங்கல், வாந்தி எது வந்தாலும் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும், அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே போகக்கூடாது. இதைக் கேட்டு எரிச்சல்படுகிற ஜிம்மில் பிள்ளையை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

தலையில் மாட்டுகிற ஹெட்கார்டு போட்டால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. 1984 முதல் ஒலிம்பிக்கில் இருந்த ஹெட்கார்டை 2013இல் வயது வந்த ஆண்கள் பிரிவுக்கு எடுத்துவிட்டார்கள், 2016 ரியோவில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். அதைக் காட்டி எங்களுக்கும் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு, அது கற்றுக்கொள்கிற வயதுக்கான விதி இல்லை.

இந்த விஷயத்தில் நான் நினைத்துப் போனது ஒன்று, பார்த்தது வேறு. பழைய ஜிம்மில் ஸ்பாரிங்கே கிடையாது, அதனால் அதுதான் பத்திரம் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்து மாஸ்டர் ஆபீஸ் ரூமுக்குள் போனதும் பையன்கள் நாலு பேர், பேக் அடிக்கிற பத்து அவுன்ஸ் கிளவுஸோடு, வாயில் மவுத் கார்டு இல்லாமல், சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் குத்த ஆரம்பித்தார்கள். சிரிப்பு ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது, யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. இவனும் அப்படி விளையாடியிருக்கிறான் என்று வெளியே வந்த பிறகு சொன்னான்.

புது ஜிம்மில் சனிக்கிழமை ஸ்பாரிங். பதினாறு அவுன்ஸ் கிளவுஸ், அதாவது ஒவ்வொன்றும் சுமார் 450 கிராம், ஹெட்கார்டு, மவுத் கார்டு, இதில் ஒன்று குறைந்தாலும் ரிங் ஏறமுடியாது. ஒரு ஜோடியில் உயரமானவன் கொஞ்சம் வேகமெடுத்து ஓங்கி இரண்டு விட்டான். மாஸ்டர் உடனே "ஸ்டாப்" என்றார். அந்த உயரமானவனிடம், மிச்ச ரவுண்டு முழுக்க நீ ஜாப் மட்டும் போடு, அவன் எல்லாம் போடட்டும் என்றார். புதிதாக வருகிறவனுக்கு எப்போது ஸ்பாரிங் என்று கேட்டேன். முதலில் ஜாப் மட்டும், அப்புறம் உடம்புக்கு மட்டும், தலைக்கு எப்போது என்பதைப் பையனைப் பார்த்துச் சொல்கிறேன், தேதி சொல்லமாட்டேன் என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

எடை பற்றியும் கேட்டேன். வளர்கிற பையனைப் பட்டினி போட்டு, தண்ணீர் குடிக்கவிடாமல் எடை குறைத்து சின்னப் பிரிவில் இறக்குகிற இடங்கள் இருக்கின்றன. இவர், வழக்கமாகச் சாப்பிடும்போது என்ன எடையோ அந்தப் பிரிவில்தான் ஆடுவான் என்றார்.

பணம், தூரம் பற்றி ரொம்ப எழுதப்போவதில்லை. தூரம் மட்டும் உண்மையான பிரச்சினை. சுமாரான ஜிம்முக்கு வாரம் நாலு நாள் போகிறவன், நல்ல ஜிம்முக்கு எப்போதாவது போகிறவனைவிட நிச்சயம் முன்னேறுவான். அதனால் ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் போய்வரமுடியுமா என்று காலண்டரில் குறித்துப் பார்க்கச் சொன்னேன், பரீட்சை நாட்களையும் சேர்த்து.

அப்புறம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டது: "மாஸ்டருக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்காதா மாமா?" முகமது அலி கதையைச் சொன்னேன். 1954இல், பன்னிரண்டு வயதில், சைக்கிள் திருடுபோய் அழுதுகொண்டு நின்றவனை ஜிம்முக்குக் கூப்பிட்டது ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அதே ஊரில் ஃபிரெட் ஸ்டோனர் என்பவரிடமும் அலி போய்க் கற்றுக்கொண்டார். 1960 ரோம் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பின்னால் அந்த இருவரிடம் கற்றதும் இருக்கிறது. இன்னொருவரிடம் கற்றுக்கொள்ளப் போவது துரோகம் இல்லை. சொல்லாமல் நின்றுவிடுவதுதான் தப்பு.

எல்லோரும் மாறவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டாவது மாதத்தில் ஜாப் போட்டுப் போட்டு சலித்துவிட்டது என்பதற்காக மாறினால் அடுத்த இடத்திலும் அதே ஜாப்தான். உங்கள் மாஸ்டர் தினமும் காலைத் தட்டி ஸ்டான்ஸை, அதாவது நிற்கிற நிலையை, திருத்துகிறார் என்றால், சுவரில் ஒரு படம்கூட இல்லாவிட்டாலும் அங்கேயே இருங்கள். இடது கைக்காரப் பிள்ளையிடம் எது வசதி என்று கேட்காமலேயே வலது கைக்காரன் மாதிரி நிற்கவைக்கிற இடமானால் யோசியுங்கள்.

இவன் விஷயத்தில் நான் மாறச் சொன்னேன், மாறிவிட்டான். கடைசி நாள் பழைய மாஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னான், நான் வாசலில் நின்றேன். அவர் கோபப்படவில்லை. அவன் கையிலிருந்த பேண்டேஜை அவரே பிரித்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "ஜாப் போட்டா இடது கை கீழ போகுது, நேரா கன்னத்துக்கு வரணும். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், அங்க போய் முதல்ல அதைச் சரி பண்ணு" என்றார்.