யாத்திராகமமா, உபாகமமா: எந்தச் சட்டத்தொகுப்பில் தொடங்குவது?
எபிரேய வேதத்தின் (கிறிஸ்தவர்களுக்குப் பழைய ஏற்பாடு) சட்டங்களைப் படிக்க விரும்புவோர் திணறுவது இங்கேதான். அதன் இரு நூல்களான யாத்திராகமத்தின் 20–23 அதிகாரங்களையும் உபாகமத்தின் 12–26 அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பலிபீடம்: முன்னதில் பல இடங்களில் கட்டலாம். பின்னதில் கடவுள் தெரிந்துகொள்ளும் ஒரே இடம்தான்.

அடிமை விடுதலை: இரண்டிலும் ஏழாம் ஆண்டு. ஆனால் தகப்பன் விற்ற மகளுக்கு யாத்திராகமம் அந்த வழியைத் தருவதில்லை. உபாகமம் எபிரேயப் பெண்ணையும் சேர்க்கிறது. அதோடு, வெறுங்கையாய் அனுப்பாதே, ஆடும் தானியமும் திராட்சரசமும் கொடு என்கிறது. போகமாட்டேன் என்பவனை என்றென்றைக்கும் அடிமையாக்க, அவன் காதைக் கதவோடு சேர்த்துக் குத்துவது மட்டும் மாறவில்லை!

நடை: முன்னது கச்சிதம், பின்னது பிரசங்கம்.

சரி, எது யாருக்கு? பழங்காலப் பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத்தோடு ஒப்பிட, அதில் உள்ளது போலவே முட்டும் மாட்டின் சட்டமுள்ள யாத்திராகமம் போதும். பழைய சட்டம் எப்படித் திருத்தப்பட்டது என்று பார்க்க உபாகமம். அதுவும் முன்னதைப் படித்த பிறகு.