மெர்சர் ரேஸபவுட் 1912: கதவில்லாத காரில் ஒரு காலை

முதலில் கால் வைக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெர்சர் ரேஸபவுட் என்ற இந்தப் பழைய அமெரிக்கக் காரில் ஆக்சிலரேட்டர் பெடல் காரின் உடலுக்கு வெளியே இருக்கிறது. வலது காலை வெளியே நீட்டி, பித்தளை வளையத்தில் பாதத்தை ஊன்றிக்கொண்டு மிதிக்க வேண்டும். கியர் கம்பியும் கைபிரேக்கும் அதே வலது பக்கம், அவையும் வெளியேதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. காற்றைத் தடுக்க ஸ்டீயரிங் தண்டில் ஒரு வட்டக் கண்ணாடி, அதுவும் ஓட்டுபவருக்கு மட்டும்.

நான் ஓட்டியது நியூஜெர்ஸியின் ட்ரென்டனில் செய்த கார். உரிமையாளர் முதலில், என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கிராங்க் கைப்பிடியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த மறந்தால் கைப்பிடி திருப்பி உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். இரண்டாவது சுற்றில் என்ஜின் கிளம்பிவிட்டது.

என்ஜின் 4 சிலிண்டர், 300 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 4.9 லிட்டர். டி-ஹெட் வகை: பெட்ரோல் காற்று நுழையும் வால்வுகள் ஒரு பக்கம், புகை வெளியேறும் வால்வுகள் எதிர்ப்பக்கம். சக்தி சுமார் 58 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 1700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எண்ணைப் பார்த்தால் இன்றைய சின்னக் காருக்கும் கீழே. ஆனால் மிதித்ததும் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக முதுகில் தட்டுகிறது. அவசரமே இல்லாமல் மணிக்கு 50 மைல் வேகத்துக்குப் போய்விட்டது. ஒரு மைலை 51 நொடியில் கடக்கும் என்று உத்தரவாதம் கொடுத்துத்தான் அன்று விற்றார்களாம். அன்று காலை அதை நம்பினேன்.

கியர் மாற்ற டபுள் கிளட்ச் பழக வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். காது சரியாகக் கேட்டால் கியரின் பற்கள் சத்தமில்லாமல் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த முதல் தடவை எனக்கு வந்த சந்தோஷம் பெரியது.

ஸ்டீயரிங்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. நின்றால் இரும்பு, நகர்ந்தால் பஞ்சு. இருக்கை தாழ்வு, காரின் அடிச்சட்டமும் தாழ்வு, அதனால் வளைவில் கார் சாய்வதே தெரிவதில்லை. நினைத்த கோட்டில் அப்படியே போகிறது. 1912 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஹியூகி ஹியூஸ் ஒரு மெர்சரில் 3-வதாக வந்தார். ஜெயித்த நேஷனல் காரின் என்ஜினோ 8 லிட்டர். இந்தச் சின்ன என்ஜினை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டால், என் பதில் அந்த வளைவுகள்தான்.

சரி, குறை? பிரேக். முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. கால்பிரேக் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. கைபிரேக்தான் துணை. சந்திப்பு கண்ணில் பட்டதுமே ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும். அதோடு, பெட்ரோல் தொட்டிக்குக் காற்றழுத்தம் கொடுக்க அவ்வப்போது கைபம்ப் அடிக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய அடி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், தடித்த ஷூவில் அந்தப் பெடல் கால்விரலுக்குத் தெரியாது. கண்ணுக்குக் கவசக் கண்ணாடி கட்டாயம். மழை வரும்போல இருந்தால் வேறு நாள் கேளுங்கள்.