டின்னை வாங்கலாம், அதோடு வரும் ஈஸ்ட்டை நம்ப வேண்டாம்: ஒரு பீர் கிட் விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். வீட்டிலேயே பீர் செய்வதற்கான இந்த ஸ்டார்ட்டர் கிட்டில் மால்ட் (முளைகட்டிய பார்லி) டின் நன்றாக இருக்கிறது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பரவாயில்லை. மூடிக்கு அடியில் செருகியிருக்கும் ஈஸ்ட் பாக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள், செய்முறைத் தாளைப் பாதிதான் நம்பலாம். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகள் இந்த வகை கிட் நிறையவற்றில் இருப்பவைதான்.

பெட்டிக்குள் 1.7 கிலோ டின் ஒன்று, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ ஏற்கெனவே சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான மால்ட் சாறு. 5 கிராம் ஈஸ்ட். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, அதில் ஒரு குழாய், வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், ஹைட்ரோமீட்டர், அதற்கு ஒரு குடுவை, ஒரு தாள். 1 கிலோ சர்க்கரையை நாம் போட வேண்டும். எல்லாவற்றையும் கிருமிநாசினியில் கழுவி, சாற்றையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றி, ஆறிய பிறகு ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டியதுதான். இவ்வளவு எளிதான வேலையில் என்ன பெரிய விமர்சனம் என்று கேட்டால், டின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்த 4.5 சதவீத ஆல்கஹால்தான் விஷயம்.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் யாருடைய பீருக்கு அது பொருந்தும் என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர்கூடத் தேவையில்லை. 1 கிலோ கெட்டி மால்ட் சாறு, மொத்தம் 1 லிட்டர் திரவத்தில் இருந்தால் சுமார் 300 புள்ளி அடர்த்தி தரும். வெள்ளைச் சர்க்கரை 385, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 350, பொடி மால்ட் 370 என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் அடர்த்தி 1.000, புள்ளி என்பது 1.040 என்று எழுதும்போது வருகிற அந்த 40. சரி, 1.7 கிலோ சாறு என்றால் 510, சர்க்கரை 385, மொத்தம் 895. அதை 23ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39, அதாவது ஆரம்ப அடர்த்தி 1.039. நொதித்து முடிந்து 1.007க்கு வந்து நிற்கிறது என்றால் வித்தியாசம் 0.032, அதை 131.25ஆல் (ஆல்கஹால் கணக்குக்கான வழக்கமான எண்) பெருக்கினால் 4.2 சதவீதம். மீதி 0.3 எங்கிருந்து வந்தது? பாட்டிலில் நுரைக்காகப் போடும் சர்க்கரையும் நொதித்துக் கொஞ்சம் ஆல்கஹால் ஆகிறது, அதையும் சேர்த்துத்தான் டின்காரர்கள் 4.5 என்கிறார்கள். தாளில் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் அந்த எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். 23க்குப் பதில் 20 லிட்டரோடு நிறுத்தினால் அதே டின், அதே சர்க்கரையில் 1.045 வரும், பீர் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கோட்டைத் தாண்டி 24 லிட்டர் ஆகிவிட்டால் ஒன்றரைப் புள்ளி போய்விடும். சர்க்கரையை விட்டுவிட்டு 1 கிலோ பொடி மால்ட் போட்டால் ஆரம்ப அடர்த்தி 1.038, கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மால்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பகுதி இருப்பதால் 1.010 பக்கம் நின்றுவிடும், ஆல்கஹால் 3.7 சதவீதம்தான். ருசி மட்டும் எங்கேயோ உயர்ந்துவிடும், வாயில் பீர் மாதிரி இருக்கும். சர்க்கரை போட்டதில் போதை கூடுதல், வாயில் பீரின் கனம் குறைவு. இரண்டில் எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம், என் ஓட்டு பொடி மால்ட்டுக்கு. இரண்டு டின் போடலாமே என்று சிலர் கேட்பார்கள், போடலாம், ஆனால் கசப்பும் இரண்டு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். 20 டிகிரி செல்சியஸுக்கு அளவு குறித்தது, கண்ணாடி சுத்தம், சுத்தமான தண்ணீரில் 1.000 சரியாகக் காட்டியது, இதற்கு மேல் இந்த விலைக்கட்டில் எதிர்பார்க்க முடியாது. பிரச்சினை கருவியில் இல்லை, கிட்டின் செய்முறையில். கெட்டிச் சாறு கனமானது, மேலே ஊற்றுகிற தண்ணீர் லேசானது, நன்றாகக் கலக்காமல் அடிக்குழாயில் மாதிரி எடுத்தால் 1.050 காட்டும், மேலிருந்து மொண்டு எடுத்தால் 1.030 காட்டும், இரண்டும் தவறு. தானியத்தை அவித்துச் செய்பவர்களுக்கு எவ்வளவு சர்க்கரை இறங்கியது என்று அளந்துதான் தெரியும். டின்னில் செய்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, போட்ட எடையும் ஊற்றிய தண்ணீரும் தெரிந்தால் ஆரம்ப அடர்த்தி காகிதத்திலேயே கிடைத்துவிடும். அளந்ததும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கை நம்புங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் வெப்பம்: 30 டிகிரியில் அளந்தால் உண்மையைவிட இரண்டரைப் புள்ளி குறைவாகக் காட்டும், கூட்டிக்கொள்ள வேண்டும்.

இறுதி அடர்த்திக்கு மட்டும் அளந்தே ஆக வேண்டும், கணக்கு உதவாது. மாதிரியைக் குடுவையில் ஊற்றி, குலுக்கி, வாயுவை வெளியேற்றிவிட்டு அளக்கவும். குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டால் அதைத் தூக்கிவிடும், நொதித்தல் முடியாத மாதிரி தெரியும். சொட்டு விட்டுப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனம், ஆல்கஹால் வந்த பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, திருத்தச் சூத்திரம் போட வேண்டும்.

இனி ஈஸ்ட். என் கோபமெல்லாம் இங்கேதான். பாக்கெட்டில் வகையின் பெயர் இல்லை, எவ்வளவு தூரம் நொதிக்கும் என்று இல்லை. டின்மேல் 'லாகர்' என்று எழுதியிருக்கிறது, தாளிலோ 21 முதல் 27 டிகிரிக்குள் வை என்கிறது. லாகர் என்பது குளிரில் நொதிக்கும் பீர், அதன் ஈஸ்ட்டுக்கான வெப்பமா இது? உள்ளே இருப்பது ஏறக்குறைய நிச்சயமாக, அதைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பீரின் ஈஸ்ட். அதில் தப்பில்லை, வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம் என்கிறேன். அளவும் போதாது. ஈஸ்ட் கம்பெனியான ஃபெர்மென்டிஸ் தன் ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்று சொல்கிறது, 23 லிட்டருக்கு குறைந்தது 11.5 கிராம் வருகிறது, அவர்களுடைய சிறிய பாக்கெட்டின் எடையே அதுதான். இங்கே 5 கிராம். 27 டிகிரியில் பற்றாக்குறை ஈஸ்ட்டை வேலை வாங்கினால் பழவாசனையும் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களும் வரும், குடித்தவர்கள் 'வீட்டுப் பீர் என்றாலே இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மாற்று என்ன? உங்கள் அறை வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பீர் பெயரைப் பார்த்து வேண்டாம். நொதிக்கும்போது வாளிக்குள் அறையைவிட 2, 3 டிகிரி கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 18 முதல் 22 வரை வைத்திருக்க முடியும் என்றால் ஃபெர்மென்டிஸின் சாஃப்ஏல் யூஎஸ்-05 ஈஸ்ட். தன் ருசியைக் காட்டாமல் ஒதுங்கி நிற்கும், 80 சதவீதம் பக்கம் நொதிக்கும் (ஆரம்பப் புள்ளிகளில் அவ்வளவு குறையும்), அடியில் படியத்தான் கொஞ்சம் சோம்பல். எஸ்-04 வேகமாக முடித்து, அடியில் கெட்டியாகப் படிந்து, பீரைத் தெளிவாக விட்டுவிடும், லேசான பழ ருசி உண்டு, இந்த டின்னுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். நாட்டிங்ஹாம் 10 டிகிரியிலும் வேலை செய்யும், குளிர் அறைக்காரர்களுக்கு நல்லது. வெயில் அறை, ஏசி கிடையாது, 30க்குக் கீழே இறங்காது என்றால் யூஎஸ்-05ஐ வதைக்காதீர்கள், நார்வே பண்ணைவீடுகளிலிருந்து வந்த குவைக் ஈஸ்ட் இருக்கிறது. லாலிமண்ட் கம்பெனியின் வோஸ் என்ற குவைக் 35 முதல் 40 டிகிரியில்தான் உற்சாகமாகவே இருக்கும், ஆரஞ்சுத் தோல் வாசம் கொஞ்சம் வரும், சில நாளில் வேலை முடிந்துவிடும்.

நிஜமான லாகர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு டபிள்யூ-34/70. 12 முதல் 18 டிகிரி, அதுவும் இரண்டு பாக்கெட். குளிர்பெட்டி ஒன்றை இதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஈஸ்ட்டை மாற்றினால் ருசி மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆல்கஹால் அளவும் மாறும் என்பது தாளில் எங்கேயும் இல்லை. 1.045ல் ஆரம்பித்த ஒரு பீரை 72 சதவீதம் நொதிக்கிற ஈஸ்ட்டிடம் கொடுத்தால் 4.2 பக்கம் நிற்கும், 82 சதவீதம் நொதிக்கிறதிடம் கொடுத்தால் 4.8ஐத் தாண்டும். காரணம் மால்டோட்ரையோஸ் என்ற மூன்று கண்ணிச் சர்க்கரை. விண்ட்ஸர் போன்ற வகைகள் அதைத் தொடுவதில்லை, பீர் இனிப்பாகவும் கனமாகவும் நிற்கும். நாட்டிங்ஹாம் அதையும் விடாது. மறுகோடியில் பெல் சைசோன் மாதிரி டயஸ்டாடிகஸ் வகைகள், இவை மற்ற ஈஸ்ட் தின்னாமல் விடுகிற டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட கண்ணிச் சர்க்கரைகளையே உடைத்துத் தின்னும், பாட்டிலுக்குள் போன பிறகும் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். கிட்டில் புதிதாக இறங்குபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது, தவிர்க்க முடியாது என்றால் அந்த வாளியையும் குழாயையும் மற்ற பீருக்குப் பயன்படுத்துமுன் பிரித்துக் கழுவுங்கள்.

தாளின் மிக மோசமான வரி கடைசியில் இருக்கிறது: '4 முதல் 6 நாளில், குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்கவும்.' ஏர்லாக்கில் குமிழி நிற்பதற்கு மூடி சரியாக உட்காராததும் காரணமாக இருக்கலாம் (இந்த வாளியின் மூடி அப்படித்தான், ரப்பர் வளையம் பிதுங்குகிறது). அடர்த்தி ஒரு புள்ளி இறங்கினால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். சாதாரண பீரில் இருப்பதே 5 கிராம் அளவுதான். இன்னும் 4 புள்ளி பாக்கி இருக்கும்போது, நுரைச் சர்க்கரையும் போட்டு அடைத்தால், 9 கிராம். கண்ணாடி பாட்டில் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, எண் அசையவில்லை, அந்த ஈஸ்ட்டுக்கு எதிர்பார்க்கிற இடத்திலும் இருக்கிறது என்றால் மட்டும் அடைக்கவும், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும்.

மறுபடி வாங்குவேனா என்றால், டின் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்குவேன், கசப்பும் மால்ட்டும் அளவாக இருக்கின்றன. முழுப் பெட்டி ஒருமுறை போதும். ஒதுக்கி வைத்த அந்த 5 கிராம் பாக்கெட்டை வீணாக்கவும் வேண்டாம்: அடுத்த முறை வெந்நீரில் சாற்றைக் கரைக்கும்போது அதையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கொன்று சேர்த்துவிடுங்கள், புது ஈஸ்ட்டுக்குச் சத்தாகப் போய்ச் சேரும்.