சி5 கார்வெட்டின் பின் சைலன்சர்கள்: எதை மாட்டலாம்?

செவர்லே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின், 1997 முதல் 2004 வரை வெளிவந்த ஐந்தாம் தலைமுறையை, அதாவது சி5 காரை, பழைய கார் சந்தையில் வாங்குகிறவர்களில் பலர் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். 5.7 லிட்டர் வி8 எஞ்சினை வைத்துக்கொண்டு இத்தனை அடக்கமாகப் பேச வேண்டுமா என்ற எண்ணம் எவருக்கும் வரும். எனக்கும் வந்தது. இப்போது என் காரில் இருப்பவை, அதே தலைமுறையின் கூடுதல் ஆற்றல் கொண்ட இசட்06 ரகத்திலிருந்து கழற்றிய டைட்டானியம் சைலன்சர்கள். எனவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் கார் ஆறு கியர் கொண்ட மேனுவல் கூப்பே, அதாவது துணிக்கூரை இல்லாத இரண்டு கதவு வகை. ஓடுவது கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில், அதுவும் பெரும்பாலும் வேலைக்குப் போகவும் வரவும். இந்த இரண்டு விவரங்களும் என் முடிவைப் பெருமளவு தீர்மானித்தன.

சைலன்சரையே அகற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டுவது ஒரு வழியாகப் பேசப்படுவதுண்டு. கலிபோர்னியாவில் அது சட்டத்துக்குப் புறம்பானது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சைலன்சரை மட்டும் மாற்றினால் எஞ்சினின் ஆற்றல் கூடுமா என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் உணரும் அளவுக்குக் கூடாது; கூடியதாகத் தோன்றினால் அது பெரும்பாலும் காதின் வேலை. ஆகவே மீதமிருப்பவை மூன்று: போர்லா போன்ற நிறுவனங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த நேர்வழிக் குழாய் வகை, முழக்கத்தைத் தனியே அடக்கும்படி கோர்சா நிறுவனம் வடிவமைத்த வகை, இசட்06-இன் டைட்டானியம் வகை.

இம்மூன்றையும் பிரித்துக் காட்டுவது, முழு வேகத்தில் எழும் உறுமல் அன்று. அந்த உறுமல் மூன்றிலுமே நன்றாகத்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி ஒரே சீரான வேகத்தில் போகும்போது காருக்குள் எழும் கும்மென்ற முழக்கமே இங்கு முடிவைச் சொல்லும் அம்சம். கடைவாசலில் நின்று எஞ்சினை உறுமவிட்டுக் கேட்பவருக்கும், செல்பேசியில் காணொளி பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்கும் இது பிடிபடவே படாது.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சி5 மேனுவலில் ஆறாவது கியரின் விகிதம் 0.50, பின் அச்சின் விகிதம் 3.42. இந்தக் கணக்கில் மணிக்கு 70 மைல் வேகத்தில், ஏறத்தாழ 112 கிலோமீட்டரில், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றுகளே சுற்றுகிறது. நான்கு வீச்சு வி8 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டர்கள் வெடிக்கும்; ஆக, நொடிக்கு நூறு வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்பதோடு நெஞ்சுக்கூட்டிலும் உணரப்படும் தாழ்ந்த ஒலி. சி5 கூப்பேயில் இருக்கைக்குப் பின்னால் தடுப்புச்சுவர் கிடையாது. பயணிகள் அமரும் இடமும் சாமான் வைக்கும் இடமும் ஒரே கூடம், அதன் மேல் சரிந்த பெரிய கண்ணாடிக் கதவு. சைலன்சர்கள் இரண்டும் அந்தச் சாமான் தளத்துக்கு நேர் கீழேதான் தொங்குகின்றன. மிருதங்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பயணம் செய்வதற்கு ஒப்பான அமைப்பு இது.

நேர்வழிக் குழாய் வகை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. துளையிட்ட குழாய் ஒன்று உள்ளே நேராக ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ திணித்திருப்பார்கள். கீச்சென்ற உயர் ஒலிகளை அந்த இழை நன்றாகவே விழுங்கிவிடும். ஆனால் சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் செல்வதால், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஐந்து மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. சில சென்டிமீட்டர் கனமுள்ள இழையால் அதை என்ன செய்துவிட முடியும்? நண்பர் ஒருவருடைய சி5-இல் இந்த வகை இருக்கிறது. சரியாக 65 மைலைத் தாண்டும்போது பின்னோக்குக் கண்ணாடியில் தெரியும் வண்டிகளின் விளிம்பு இரட்டையாகத் தெரியத் தொடங்கும். 75-ஐக் கடந்தால் தெளிந்துவிடும். அந்த இடைவெளிதான் எங்கள் சாலைகளில் எல்லோரும் ஓட்டும் வேகம். இழை ஆண்டுக்கணக்கில் வெந்து கரையக் கரைய, சத்தம் இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோர்சாவின் அணுகுமுறை புத்திசாலித்தனமானது; இதை மனதாரச் சொல்கிறேன். ஒலியை உறிஞ்ச முயல்வதற்குப் பதிலாக, அதன் ஒரு பகுதியைத் தனி வழியில் சுற்றவிட்டு, எதிர்க் கட்டத்தில், அதாவது மூல அலையின் ஏற்றத்துக்கு இது இறக்கமாகும்படி, திரும்பி வந்து மூல ஒலியை அழிக்கும்படி செய்கிறார்கள். கொள்கை அளவில் கால் அலைநீளமுள்ள ஒரு கிளைக்குழாயே இதற்குப் போதும். மேலே சொன்ன 100 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றேகால் மீட்டர் நீளம். அந்த நீளத்தைச் சைலன்சர் பெட்டிக்குள் மடக்கி வைப்பதில்தான் திறமை இருக்கிறது. இந்த வகை பொருத்திய காரில் நான் ஒருமுறை பக்கத்து இருக்கையில் அமர்ந்து போயிருக்கிறேன். முழக்கம் இல்லை, கியரைக் குறைத்து மிதித்ததும் குரல் மட்டும் பிரமாதமாகத் திறந்தது. புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதும், துருப்பிடிக்காத எஃகால் ஆனதால் எடையில் பெரிய ஆதாயம் இல்லை என்பதும் மட்டுமே என்னைத் தடுத்தன. நீண்டகாலம் சொந்தமாக வைத்திருந்த அனுபவம் இல்லாததால், பத்தாண்டுகளுக்குப் பிறகு அது எப்படி ஒலிக்கும் என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது.

இனி டைட்டானியம். 2001-இல் இசட்06 வந்தபோது, பெருமளவில் தயாரிக்கப்பட்ட காருக்கு டைட்டானியம் புகைபோக்கி என்பதே புதுமை. சாதாரண சி5-இன் எஃகு அமைப்பைவிட எடை கணிசமாகக் குறைவு; சுமார் 8 கிலோ மிச்சம், அதுவும் பின் அச்சுக்கும் அப்பால், காரின் கடைக்கோடியில். இசட்06 வாங்கியவர்களில் பலர் இன்னும் சத்தமான சைலன்சரைத் தேடிப் போனதால், கழற்றிப்போட்ட ஜோடிகள் சந்தையில் கிடைக்கின்றன. சாதாரண சி5-இல் வெட்டாமல் ஒட்டாமல் பொருந்திவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பழையதைவிடக் கனத்த குரல். நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட பழைய அமைதி. தொழிற்சாலைப் பொறியாளர்கள் முழக்கத்தையும் சோதித்துத் தேர்ந்த பொருள் என்பது 70 மைல் வேகத்தில் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசலாம். வெளியே நிற்பவர் அசந்துபோகும் அளவுக்கு இதில் சத்தம் கிடையாது. அதை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

பராமரிப்பில் ஒரு சிக்கல் உண்டு. துருவே பிடிக்காத உலோகம்தான். ஆனால் விரிசல் விட்டால் பக்கத்துத் தெரு சைலன்சர் கடையில் ஒட்டித் தர மாட்டார்கள். சூடான டைட்டானியம் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பதால், வெல்டிங்கின் முன்புறமும் பின்புறமும் ஆர்கான் வாயுவால் மூடிச் செய்ய வேண்டும். அதற்கெனத் தனியே பழகியவர் வேண்டும். எனவே வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் மலிவு. தொங்கும் கம்பிகள் பெட்டியோடு சேரும் இடங்களில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கையில் தூக்கிக் குலுக்கினால் உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. அடிப்பக்கத்தில் வீட்டு வாசல் சரிவுகளில் உரசிய கீறல் இருக்கலாம், நசுங்கல் இருக்கக் கூடாது. பொன்னும் நீலமுமாக நிறம் மாறியிருப்பது வெப்பத்தால் வருவது, குறையன்று.

பொருத்துவது கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். தொங்கும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டால் கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நான்கு வாய்களும் பம்பரின் நடுவே ஒரே வரிசையில் நிற்க வேண்டிய கார் இது. ஒன்று அரை அங்குலம் தாழ்ந்தாலும் பின்னால் வருபவர் கண்ணில் படும், பம்பரை ஒட்டி ஏறினாலோ பிளாஸ்டிக் கருகும். கிளாம்புகளைப் பாதி இறுக்கத்தில் விட்டு, வரிசையைச் சரிபார்த்து, எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, மறுபடி பார்த்த பிறகே முழுதாக இறுக்குவது நல்லது.

சட்டத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் இத்தகைய காரின் புகைபோக்கி ஒலிக்கு வரம்பு 95 டெசிபல். 2019 ஜனவரி முதல், அதிகச் சத்தத்துக்காகக் காவலர் சீட்டு எழுதினால், வண்டியைச் சரிசெய்து காட்டித் தப்பிக்கும் வசதி நீக்கப்பட்டது, அபராதம் உண்டு. டைட்டானியம் ஜோடி, தொழிற்சாலையே விற்ற காரின் பாகம் என்பதால் இந்தக் கவலை குறைவு. மறுவிற்பனையிலும் அதே ஆதாயம்: வாங்க வருபவரிடம் இது கார்வெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் பாகம் என்று சொல்லலாம். என்றாலும் அசல் தன்மைக்கு மதிப்பெண் போடும் சங்கங்களும் வாங்குபவர்களும் உண்டு. கழற்றிய பழைய ஜோடியை எறியாமல் கராஜில் வைத்திருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் நான்காவது கியர் 0.70, பின் அச்சு 2.73, 70 மைலில் எஞ்சின் 1,700 சுற்றை நெருங்கும், 3.15 அச்சுள்ள காராக இருந்தால் 1,950-ஐ நெருங்கும். முழக்கம் எழும் வேகம் அதற்கேற்ப இடம் மாறும். நேர்வழிக் குழாய் வகைகூட அவர்களுக்குத் தொல்லை தராமல் போகலாம். துணிக்கூரை கொண்ட காரிலும் கூடத்தின் அமைப்பே வேறு. அந்த இரண்டையும் நான் நெடுந்தூரம் ஓட்டியதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள், பொருத்திய கார் ஒன்றில் ஏறி, தாம் வழக்கமாகப் போகும் வேகத்திலேயே இருபது நிமிடம் போய்ப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.