கடலோர மரவீட்டுக்குக் கருநிறம்: எனாமலா, அக்ரிலிக்கா, ஸ்டெயினா?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பனைக்கும் சவுக்குக்கும் நடுவே நிற்கிற பலகை வீட்டுக்குக் கருப்போ கரும்பழுப்போ அடித்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெளிர்நிறத்தைவிடக் கருநிறம் அதிகம் சூடேறும். பலகை பகலில் காய்ந்து சுருங்கி, இரவு ஈரத்தில் உப்பும். பூச்சு அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்றால் வெடித்துவிடும். அதனால் எது அதிக நாள் உழைக்கும் என்பதைவிட, கெட்டுப்போகும்போது எப்படிக் கெடும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கடையில் முதலில் எடுத்து நீட்டுவது எனாமல். மலிவு, பளபளப்பு, எந்தப் பெயிண்டருக்கும் பழகிய சரக்கு. உள்கதவுக்குத் தாராளமாக அடிக்கலாம். வெளிச்சுவரில் வருடம் ஏற ஏற அது இறுகிக்கொண்டே போகும். பலகை மூட்டுகளில் மயிரிழை வெடிப்பு விழும், மழைநீர் அதன் வழியே உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளத்தைப் பிளேடால் கீறினால் காரணம் தெரிந்துவிடும்: அடியில் வெறும் மரம் தெரிந்தால் பின்னாலிருந்து ஈரம் வருகிறது, பழைய பெயிண்டோ பிரைமரோ (அடிப்பூச்சு) தெரிந்தால் மேல்பூச்சு சரியாக ஒட்டவில்லை, அல்லது சுடுவெயிலில் அடித்திருக்கிறார்கள். உரிய ஆரம்பித்த எனாமலை ஒட்டுப்போட்டுச் சரிக்கட்ட முடியாது. அந்தப் பக்கம் முழுவதையும் சுரண்டியாக வேண்டும்.

மரத்துக்கான அக்ரிலிக் வெளிப்பூச்சு ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும், ஈரத்தை ஓரளவு வெளியேவும் விடும். அதன் பலவீனம் வேறு: நாளாக ஆக மேலே வெண்மாவு பூக்கும். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத அந்த மாவு, கரும்பரப்பில் சாம்பல் பூசியதுபோல் தெரியும். கரிக்கருப்பு, இரும்பு ஆக்சைடு பழுப்பு ஆகிய நிறமிகள் வெயிலைத் தாங்கும். அடர்நீலம், கருஞ்சிவப்பு ஷேடுகளில் சீக்கிரம் வெளுப்பவை உண்டு. பிரைமரைச் சாம்பல் நிறத்தில் கலந்து வாங்குங்கள். வெள்ளைப் பிரைமர் மேல் கருப்பு அடித்தால் ஒரு கோட் கூடுதலாகப் பிடிக்கும்.

எண்ணெய் வகை வுட் ஸ்டெயின் மரத்துக்குள் ஊறிவிடும். மேலே தோல் கட்டாததால் உரிவதற்கு ஒன்றுமில்லை, வெளுக்க மட்டும் செய்யும். தென்மேற்குச் சுவர் இரண்டு மூன்று வருடத்தில் மங்கும். கழுவி, காயவிட்டு, ஒரு கோட் ஓட்டினால் போதும். எனாமலைவிட அடிக்கடி வேலை, ஆனால் ஒவ்வொரு தடவையும் சின்ன வேலை. வெறும் மரம் என்றால் நம் தீர்ப்பு ஸ்டெயினுக்குத்தான்.

பழைய பூச்சு இருந்தால் கணக்கு மாறும். பலகையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் ஸ்டெயின் பிடிக்கும். முத்தாக நின்றால் ஏற்கெனவே படலம் இருக்கிறது. அதன்மேல் ஸ்டெயின் காயாமல் பிசுபிசுக்கும். படலத்தில் பெருக்கல் குறி கீறி, டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வரவில்லை என்றால் தேய்த்து அக்ரிலிக் அடிக்கலாம்; வந்தால் சுரண்டல்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை நனைத்துத் தேயுங்கள், தூசுக்கான முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இந்தக் கரையில் பாதி வேலை கெடுவது கழுவுவதில். பலகையில் படிந்த உப்பு, பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுக்கும். அதைப் போக்க இங்குள்ள போர் தண்ணீரை அடித்தால், பல இடங்களில் அதுவே உவர்நீர். கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் லாரியில் வாங்கியாவது ஊற்றுங்கள். பிறகு மூன்று நான்கு நாள் வெயில். ஈரமானியில் 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தள்ளிப்போடுங்கள். நரைத்த மேல்நாரை 80 நம்பர் உப்புத்தாளால் புதுமரம் தெரியும்வரை தேய்க்காவிட்டால், பெயிண்ட் அந்த நாரோடு சேர்ந்தே கழன்றுவிடும். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்கள்.

பருவம் மாசி, பங்குனி. வடகிழக்கு மழையின் ஈரம் காய்ந்திருக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வலுத்து மணலை வாரி ஈரப்பூச்சில் அறையும் முன் முடித்துவிடலாம். சூரியனுக்குப் பின்னாலேயே போய் நிழல் விழுந்த பக்கமாக அடியுங்கள்.

12க்கு 16 அடி, 9 அடி உயர வீட்டில் கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 450 சதுர அடி சுவர். இரண்டு கோட்டுக்கு எனாமலோ அக்ரிலிக்கோ 8, 9 லிட்டர், பிரைமர் 4, 5 லிட்டர். ஸ்டெயினுக்குப் பிரைமர் கிடையாது; காய்ந்த மரம் குடிக்கிற குடியில் 11, 12 லிட்டர் ஆகும். ஸ்டெயினை இரண்டு மூன்று பலகையாக எடுத்து முனையிலிருந்து முனைவரை நிறுத்தாமல் ஓட்டுங்கள், நடுவில் நிறுத்தினால் கருங்கோடு விழும். 15, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பலகையின் வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்றாவது கோட். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும் எண்ணெய் சூடேறித் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

படகுக்கு அடிக்கிற தாரையும் பழைய எஞ்சின் ஆயிலையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். கருப்பும் மலிவும் உண்மைதான். தார் வெயிலில் இளகிக் கையில் ஒட்டும், பின்னால் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் ஊடுருவிப் பழுப்பாகக் கசியும். எஞ்சின் ஆயில் மழையில் கழுவி மணலில் இறங்கும். சில அடியிலேயே ஊற்றுத் தண்ணீர் எடுக்கிற ஊரில் அந்தப் பேச்சே வேண்டாம்.