எங்கள் ஊர் எழுத்தறிவு மையம்: அம்மாவை அனுப்பியதில் கண்டது

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்புக்குத் தயங்காமல் அனுப்புங்கள். எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் அம்மா படித்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2022-இல் தொடங்கிய திட்டம் இது. 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், கட்டணம் இல்லை. மொத்தம் 200 மணி நேரப் பாடம். படிப்பவர்கள் நூறு நாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு சாயங்காலம் உட்காருவார்கள்.

சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெருப் பெண். அ, ஆ என்று வரிசையாகப் போகவில்லை. ட, ப, ம மூன்றும் எழுத எளிதானவை என்பதால் அவற்றை முதலில் பழக்கி, உடனே படம், பட்டம், மடம் என்று சொல்லாகவே படிக்க வைத்தாள். நாற்று நட்டுக் காய்த்துப்போன விரல்கள் அம்மாவுக்கு. பென்சில் முனை ஒடிந்துகொண்டே இருந்தது. "அழுத்தாதீங்க அத்தை, அது தானே ஓடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஓட்டினாள். அந்தப் பொறுமைக்கே முழு மதிப்பெண்.

கணக்கு அம்மாவுக்குப் புதிதல்ல, வட்டியை மனத்திலேயே போடுவார். எண்ணைப் பார்த்துப் படிப்பதுதான் புதிது. இப்போது மகளிர் குழு பாஸ்புக்கை அவரே திறந்து பார்க்கிறார். ஒரு தவணை வரவாகாமல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்துக் கேட்டதும் அவர்தான். கடைசியில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு உண்டு. பயப்பட ஒன்றுமில்லை.

குறைகளும் உண்டு. வகுப்பறையில் ஒரே டியூப் லைட். கண் சரியாகத் தெரியாத பாட்டிகள் பாதியில் நின்றுவிட்டார்கள். சேர்க்கும்போதே கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுத்திருக்கலாம். சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலர், சம்பளம் கிடையாது. இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, தேர்வுக்குப் பிறகு படிக்க ஒன்றும் கொடுக்காதது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக வழிசெய்தார். குவாரி வேலைக்குப் போகும் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஓட்டப் பழகினார்கள். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கென்றே சின்னச் சின்னப் புத்தகங்களும் வந்தன. அந்த வேகம் இங்கே இல்லை. புழங்காத எழுத்து மறந்துதான் போகும். அம்மாவுக்கு நான் சிறுவர் இதழ் வாங்கிப் போடுகிறேன், எல்லா வீட்டிலும் அது நடக்குமா? ஊர் நூலகத்தில் பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கினாலே போதும்.

சேர வேண்டுமென்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். நடவு, அறுப்பு நேரத்தில் ஆள் வராது. அதைத் தவிர்த்து வகுப்பைத் தொடங்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.